நனையாத மஞ்சள் கோட்

மழைக்கோட்டுக்குள் பேய் புகுந்துகொள்ளும் என்று நான் நம்பினேன். கால் மணி நேரம்தான் நம்பினேன், ஆனால் முழு மனசோடு நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி வசந்தா சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் கௌரவம். மந்தைவெளியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், “என்ன பவர் போட்டுக்கினு பாத்தீங்க?” என்று கேட்டு வாயை அடைப்பது ஐம்பத்திரண்டு வயது வரை என் பொழுதுபோக்கு. அப்படிப்பட்டவன்தான் போன கார்த்திகையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் பனியனோடு நின்று அலறினேன். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரிடம் சொன்னாலும், “வெறும் வயித்துல நடந்தா அப்படித்தான்” என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நீங்களும் மாற்றலாம், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

என் மச்சான் சேகர், வசந்தாவின் தம்பி, எங்கிருந்தோ ஒரு மலையேற்றக் குழுவைப் பிடித்து அதில் என்னையும் சேர்த்துவிட்டான். டிசம்பரில் மேகமலைப் பக்கம் மூன்று நாள் நடை, மழை நிச்சயம். குழுவை நடத்துகிறவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். அவர் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஊரிலேயே இரண்டு தடவை மழையில் நடந்து பழகுங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், அது வேர்வையைக் குடித்துவிட்டுக் காயவே காயாது. கோட்டின் கக்கத்தில் ஒரு ஜிப் இருக்கும், நடக்கும்போது அதைத் திறந்து வையுங்கள், உடம்புச் சூடு வெளியே போகட்டும். நாங்கள் இரண்டு பேரும் பொறுப்பாகக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு, அதோடு மறந்துபோனோம்.

தி. நகரில் போய் இரண்டு கோட் வாங்கினோம். இரண்டும் ஒரே மஞ்சள், சாமந்திப்பூ மஞ்சள். “மலையில தொலைஞ்சுட்டா தேட வசதி சார்” என்றார் கடைக்காரர். வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று சேகர் வாசலில் வந்து நின்றான். அவனுக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். போட்டால் உடனே சாப்பிட வேண்டும், தவறினால் சர்க்கரை இறங்கி ஆள் சுருண்டுவிடுவான். ஒரு தடவை ரயிலிலேயே சுருண்டிருக்கிறான். அதனால் எங்கே போனாலும் ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ் பொடி வைத்திருப்பான்.

“ஊசி போட்டாச்சா, சாப்ட்டியா?” என்றேன்.

“ரெண்டு பிஸ்கட் உள்ள போட்டேன் மாமா. நடந்துட்டு வந்து இட்லியை ஒரு கை பாக்கலாம்.”

நான் மாமன், பெரியவன், தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். “அந்த டப்பாவை இங்க குடு, உன் பை சாதா பை, நனைஞ்சா உள்ள பாகு காய்ச்ச வேண்டியதுதான். என் பை ஒரு சொட்டு உள்ள வுடாது” என்று குளுக்கோஸை வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, என் பையின் அடியில் வைத்தேன். போனுக்கு மூன்று கவர். எதுவும் நனையக் கூடாது, அதுதான் அன்றைக்கு என் லட்சியம்.

எனக்கும் அதே பாதுகாப்புதான். பருத்தி பனியன், மேலே முழுக்கை பருத்திச் சட்டை, கழுத்தில் துண்டு, அதன்மேல் கோட், ஜிப் தாடை வரைக்கும். கக்கத்து ஜிப்பைப் பார்த்தேன், இதன் வழியாகத் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று இறுக்கி மூடினேன்.

பட்டினப்பாக்கம் மணலில் இறங்கும்போது மழை பக்கவாட்டில் அடித்தது. கடற்கரையில் ஒரு ஆள் இல்லை. மணலில் கால் புதையப் புதைய நடக்கிறோம், கடல் எங்கே மழை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் ஆரம்பித்தது. பிடரியில் ஒரு சில்லென்ற விரல். மெதுவாக முதுகெலும்பு வழியாக இறங்கியது, இடுப்பில் நின்றது, கொஞ்சம் யோசித்தது, வயிற்றுப் பக்கம் திரும்பியது. கோட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன், எங்கேயும் கிழிசல் இல்லை. தலைமூடிக்குள் என் காதை ஒட்டி யாரோ மூச்சு விடுகிறார்கள். நான் நின்றால் அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. நடந்தால் புஸ் புஸ் என்கிறது. பத்தடி நடந்தேன். பிறகு ஈரமான ஏதோ ஒன்று என் அடிவயிற்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தது.

வலை போட்டு வைக்கிற ஓலைக் கொட்டகை ஒன்று பக்கத்தில் இருந்தது. அதற்குள் ஓடி, “உள்ள எவனோ இருக்கான்டா! கழட்டு, கழட்டு!” என்று கத்தியதாகச் சேகர் பிற்பாடு எல்லாக் கல்யாணங்களிலும் நடித்துக் காட்டினான். அவன்தான் ஜிப்பை இழுத்து, கோட்டையும் சட்டையையும் உரித்து, என் பனியனையும் கழற்றிக் கொத்தாகப் பிடித்து முறுக்கினான். தண்ணீர் கொட்டியது.

“இந்தா மாமா உன் பேய். ஒரு சொம்பு தேறும்.”

அத்தனையும் என் வேர்வை. மெட்ராஸ்காரனை உள்ளே வைத்து மூடினால் மழையே தேவையில்லை, அவனே பெய்வான். மூச்சும் என்னுடையதுதான். எங்கேயோ சர்ச்சு மணி அடித்துக்கொண்டிருந்தது. சேகர் பனியனைப் பிடித்த கையையே முட்டியில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “நீ உன் ஆளை நல்லாப் புழிஞ்சி முடி. நான் லைட் ஹவுஸ் தொட்டுட்டு வந்துர்றேன்” என்று கிளம்பிவிட்டான். கோபத்தில் நானும் போ என்றேன். குளுக்கோஸ் என்னிடம் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது ஞாபகம் இல்லை.

சட்டையைப் பிழிந்து, பனியனைப் பையில் திணித்து, கக்கத்து ஜிப்பைத் திறந்துவிட்டுக் கோட்டைப் போட்டபோது, கேப்டன் எவ்வளவு பெரிய ஞானி என்று புரிந்தது. சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். பையைத் தூக்கினேன், அடியில் டப்பா உருண்டு சத்தம் போட்டது. அந்த நிமிஷம் எனக்குக் குளிர்ந்த மாதிரி மழையில் ஒரு தடவைகூடக் குளிரவில்லை. ஊசி போட்டிருக்கிறான், இரண்டே பிஸ்கட், மணலில் வேகமாக நடக்கிறான்.

வெளியே ஓடினேன். மழை இன்னும் கனத்திருந்தது. வடக்கே பார்த்தால் வெள்ளையாக ஒரு திரை. அதற்குள் ஒரு மஞ்சள் கோட், ஐம்பது அடி தூரத்தில், என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. “சேகர்! நில்லுடா!” என்றேன். நிற்கவில்லை. தலைமூடிக்குள் காது கேட்காது என்று எனக்குத்தான் தெரியுமே. நான் ஓடினேன். அந்த ஆள் நடந்தார். தூரம் குறையவில்லை. மணலில் ஓடினால் அப்படித்தான் இருக்கும், தொந்தி வேறு, என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இதை நீங்கள் நம்பினால் நம்புங்கள். கண்ணாடி விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன், அது தொழில். மழையில் போகிற கோட் பளபளக்கும், முத்து முத்தாகத் தண்ணீர் நின்று வழியும். என் கை அப்படித்தான் இருந்தது. அந்தக் கோட் பளபளக்கவில்லை. கடையில் கொக்கியில் தொங்கும்போது இருந்த மங்கல் மஞ்சள். முதுகில் குறுக்கும் நெடுக்குமாக, கவரிலிருந்து பிரித்த மடிப்புக்கோடு கலையாமல் இருந்தது. அரை மணி நேரமாகக் கொட்டுகிற மழையில் மடிப்புக் கலையாத கோட். என் மண்டை எப்படி வேலை செய்தது தெரியுமா? பயப்படவில்லை. பொறாமைப்பட்டேன். ஒரே கடை, ஒரே கோட், இவனுக்கு மட்டும் எப்படி நனையாமல் இருக்கிறது என்று.

நொச்சிக்குப்பம் வந்தது. மணலில் ஏற்றி வைத்த படகுகள் வரிசையாக நிற்கும் இடம். ஒரு நீலப் படகின் அருகில் அந்த ஆள் திரும்பிப் படகுக்குப் பின்னால் போனார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிப் போனேன்.

படகுக்குப் பின்னால் சேகர் மணலில் சாய்ந்து கிடந்தான். கோட்டில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. கழன்ற தலைமூடியில் மழை தேங்கிக் கிடந்தது. வேறு யாரும் இல்லை. படகுக்கு அந்தப் பக்கம் வெறும் மணல், அதற்கப்பால் கடல்.

கண் பாதி திறந்திருந்தது. “சேகர், சேகர்” என்றால், “இட்லி... வேணாம்” என்று குழறினான். டப்பாவை எடுத்தேன். இனி நான் செய்த பாதுகாப்பின் பெருமையைக் கேளுங்கள். டேப் வரவில்லை. ரப்பர் பேண்ட் ஈர விரலில் வழுக்குகிறது. பல்லால் கடித்து முதல் கவரைக் கிழித்தேன், உள்ளே இரண்டாவது கவர். போனை எடுத்தேன், மூன்று கவர். பிரித்து முடிப்பதற்குள் திரையெல்லாம் தண்ணீர், விரலைத் தேய்க்கிறேன், அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கத்தலாம் என்றால் ஓடி வந்த மூச்சில் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அழுதுகொண்டே டப்பாவைப் படகின் விளிம்பில் அடித்து உடைத்தேன். கிடைத்த பொடியை விரலில் தொட்டு அவன் ஈறில் தடவினேன். பாதி மழையோடு போனது. அவன் கை என் கைக்குள் துவண்டு கிடந்தது. வசந்தாவிடம் என்ன சொல்வேன் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

“இன்னா நைனா, இங்கதான் டீ கேட்டீங்களா?”

நிமிர்ந்தால், தலையில் ஒரு பிளாஸ்டிக் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு அம்மாள். கையில் எவர்சில்வர் டம்ளர், அதன்மேல் ஒரு மூடி. சேகரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஐயோ ஏசுவே, இன்னா ஆச்சு இவருக்கு? சக்கரையா? புடி, தலையத் தூக்கிப் புடி. கொஞ்சம் கொஞ்சமா வுடு, பொரையேறப் போவுது.” பிறகு திரும்பிக் குப்பத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், அலைகூட ஒரு நிமிஷம் நின்றிருக்கும். “அந்தோணீ! வண்டிய இஸ்துக்கினு வாய்யா!”

டீ பாயசம் மாதிரி இனித்தது, என் விரலில் பட்டதை நக்கிப் பார்த்தேன். நாலு வாய் இறங்கியதும் சேகர் கண்ணைத் திறந்து, “இன்னா மாமா, பேய் போச்சா?” என்றான். அந்தோணியின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போட்டுச் சாலைக்கு இழுத்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சேகருக்குக் கொட்டகையை விட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. படகுக்குப் பின்னால் எதற்குப் போனான் என்றும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதை ஆட்டோவிலிருந்து ஆஸ்பத்திரி வரை கையில் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த அம்மாள் பெயர் ஸ்டெல்லா, வீட்டு முன்கட்டில் ஒரு சின்ன டீக்கடை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

“என்னிய எதுக்குக் கும்புட்ற? ஆர்டர் சொன்னாருல்ல, உங்க கூட்டாளி, மஞ்ச கோட்டுக்காரரு, அவரக் கும்புடு” என்றார்.

“யாரு?”

“இதே எடத்துலதான் வந்து நின்னாரு. ஒரு டீ, சக்கர நாலு ஸ்பூன், நீலப் படகாண்ட குடுத்துடுன்னாரு. இன்னாடா இது, இந்த மழைல படகாண்ட டீயான்னு நெனச்சேன். மொகம் தெர்ல, குல்லா போட்டுக்கினு இருந்தாரு. எல்லாரும் வந்து தரைய ஈரம் பண்ணிட்டுப் போவாங்க, அவரு போனப்புறம் பாத்தா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தங்கமான மனுசன்னு நெனச்சிக்கினேன்.”

குனிந்து அந்தத் தரையைப் பார்த்தேன். இருந்தாலும் கடைசியாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் நடக்க வந்த எவரோ சேகர் விழுந்ததைப் பார்த்திருப்பார், ஓடி வந்து சொல்லியிருப்பார். ஏன், புதுக் கோட்டாகக்கூட இருக்கலாம். “எத்தனை மணிக்கும்மா வந்தாரு?”

“ஆறரை. சர்ச்சு மணி அடிச்சிக்கினு இருந்துச்சு. பால் வரல, அதான் வாங்கியாந்து போட லேட்டாயிடுச்சு.”

அந்த மணியை நானும் கேட்டேன். மழைச் சத்தத்தையும் மீறி நன்றாகவே கேட்டது. அது அடித்தபோது சேகர் கொட்டகையில் என் எதிரில் நின்று, என் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.