குனிந்து போகும் கதவு

சுண்ணாம்பு நீற்றும்போது எழும் அந்தச் சூடான, காரமான வாசம் இன்றும் மூக்கில் ஏறினால் எனக்கு நெஞ்சு திக்கென்னும். லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிரெஞ்சுச் சுவாமியார் கோவில் கட்டிய வருடம் மலையெல்லாம் அந்த வாசந்தான். தம் ஊர்ப் பங்குக் கோவிலின் படத்தை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். எழுநூறு எண்ணூறு வருடத்துக் கோவிலாம். அரைவட்ட வளைவுகள், ஓர் ஆள் குறுக்கே படுக்கலாம் என்னும் அகலத்தில் சுவர், அம்பு எய்ய விட்டதுபோல் ஒடுங்கிய சன்னல், சதுரக் கோபுரம். பாதி வருடம் பனிமூட்டத்தில் கிடக்கும் மலைக்கு, வெளிச்சம் புகாத கோவில் எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. படத்தில் இருந்தது, கட்டினார்கள்.

வடக்குச் சுவரில் ஒரு சிறு கதவும் படத்தில் இருந்தது. பெரியவர்கள் இடுப்பளவு குனிந்தால்தான் அதில் நுழையலாம்.

"இது யாருக்குங்க சாமி?" என்று கேட்டார் பெரிய கங்காணி.

"எங்கள் ஊரில் முன்காலத்தில் ஒருவகைச் சனங்கள் இருந்தார்கள். அதே நிறம், அதே பாஷை, அதே வேதம். ஆனாலும் தனிக் கதவு, தனித் தீர்த்தத் தொட்டி. ஏன் ஒதுக்கினார்கள் என்று இப்போது எவருக்கும் தெரியாது. கதவையும் அடைத்துவிட்டார்கள்."

"அட, அங்கயுமா!" என்றார் கங்காணி. முகம் மலர்ந்துவிட்டது.

கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. அடுத்த ஞாயிறே, "எட்ட நில்லு" என்று ஊரில் விரட்டப்பட்டுக் கடல் தாண்டி வந்த கடைசி வரிசைக் கூலிவீடுகளான எங்கள் லயத்துச் சனங்களை அவருடைய ஆட்கள் வடக்குப் பக்கம் திருப்பினார்கள். இந்தக் கோவிலுக்கு முன் பூசை நடந்த பழைய தகரக் கொட்டகையில் எல்லோரும் ஒரே வாசலால்தான் பூசைக்குப் போனோம். அதற்கு ஒரு வாசல்தான் இருந்தது. "மெல்ல மெல்ல மாறும்" என்றார் சுவாமியார். வெள்ளைக்கார தேசத்தில் இப்படியெல்லாம் இராது என்று நம்பியிருந்த சிறுவனான எனக்குத் தலை சுற்றியது. ஆட்களை அங்கேயே விட்டுவிட்டுக் கதவை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறாரே!

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அந்தோனி பெரகலைத் தோட்டத்துக்காரர், எங்கள் சனந்தான். குனிந்து உள்ளே போனார். அம்மாவும் குனிந்தாள். முந்தானை நிலையில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அக்கா மட்டும் பெரிய வாசற்படியில் ஏறி நின்றாள்.

"என்னடி, மாலை கசங்கிருமோ? அந்தப் பக்கம் குனிஞ்சு போடி!" என்று கத்தினார் கங்காணி.

"நாளைக்குப் புல்லு வெட்டக் குனியிறேங்க கங்காணி. இன்னைக்கு முடியாது."

சுவாமியார் வெளியே வந்தார். "இன்று மட்டும், மகளே," என்றார். நல்ல மனிதர் என்று நாங்கள் நம்பியிருந்தவரின் வாயிலிருந்துதான் அது வந்தது.

"ஒங்க ஊருல அந்தக் கதவ அடைச்சாங்களே சாமி, யாரு மொதல்ல குனிய மாட்டேன்னது?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். உள்ளேயிருந்து அந்தோனி நடுவழியாக, நிமிர்ந்து, கங்காணியின் "டேய்!" என்ற அதட்டலைக் கடந்து பெரிய வாசலால் வெளியேறி அக்காவின் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே அவருடைய அண்ணனும் எங்கள் அம்மாவும் வந்தார்கள். திருச்சபை விதிப்படி கல்யாணத்துக்கு ஒரு குருவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், கதவு வேண்டியதில்லை. வெளிறிய முகத்தோடு சுவாமியார் அந்தப் படியிலேயே மந்திரித்துத் தாலியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எங்கள் வீட்டார் பெயரைக் கூப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முறைப்படி ஒரு மாத அறிவிப்புத் தரவேண்டும். முறையெல்லாம் பிற்பாடு அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து நான் படித்துக்கொண்டது. அம்மா சட்டிபானையைச் சாக்கில் கட்டினாள். அக்கா அழவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அந்தக் கங்காணி இல்லை, லயம் இல்லை, கோபுரத்தில் பாதி இல்லை. வடக்குக் கதவைக் கருங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். நிலையின் தடம் மட்டும் சுவரில் தெரிகிறது. அது எதற்கு இருந்ததென்று பங்கின் இளம் சுவாமியாரிடம் கேட்டேன்.

"காத்தோட்டத்துக்கு வச்சிருப்பாங்க ஐயா."

"காத்து குனிஞ்சா போகும்?" என்றேன்.

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து, வாய்விட்டுச் சிரித்தார்.