ஒன்பதாம் நாளே எழுந்தவள்

தையல்காரி, பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாளே மிஷினில் உட்கார்ந்தவள். தெருவே அதைச் சொல்லும். தெரு மறந்தால் அவளே எடுத்துக் கொடுப்பாள். கீழே தலையணை போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்ததை மட்டும் சொல்ல மாட்டாள். ஆறு வருஷமாகிறது. இன்றும் தும்மல் வந்தால் காலை இடுக்கிக்கொள்கிறாள். துணிக்கட்டைத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகிறது.

இப்போது கொழுந்தன் பெண்டாட்டி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளாகப் படுத்திருக்கிறாள். அறை வாசலில் மாமியார் நாற்காலி போட்டுக் காவல். குழந்தை சிணுங்கினால் கொழுந்தன் விழுந்தடித்து ஓடுகிறான்.

"மெதுவா மிதிம்மா, அவ தூங்குறா" என்றாள் மாமியார்.

மிஷினுக்கே வாய்ப்பூட்டு! தையல்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? மிதித்த மிதியில் ஊசி உடைந்தது.

மறுநாள் மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, பள்ளிக்கூடச் சட்டைகள் இருபதைக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். "சும்மாதானே கிடக்கே? பட்டன் வச்சுக் குடு. நான்லாம் ஒன்பதாம் நாளே..."

"தெரியும்க்கா. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு." சின்னவள் அவசரமாக எழுந்தாள். எழுந்த வேகத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஒண்ணுமில்லக்கா" என்று பல்லைக் கடித்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் தன் முகத்தில் இருந்தது அது. பதறிப்போய்ச் சின்னவளைத் தாங்கிப் படுக்க வைத்தாள்.

ஈரத் தலையோடு வந்து நின்ற மாமியார் சட்டைகளைப் பார்த்தாள். "உன்னைப் பாத்துத்தானே இவளைப் படுக்க வச்சேன்? நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க அத்தை?"

"தெருவே உன்னை மெச்சுச்சு. எனக்கும் பெருமையா இருந்துச்சு. படுன்னு சொல்ல வாய் வரல." குரல் இறங்கியது. "இப்பச் சொல்றேன். படும்மா."

"இப்ப யாருக்கு வேணும்?" என்று வெடுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டு, சட்டைகளைக் கீழே தள்ளி, சின்னவள் பக்கத்தில் முதுகைச் சாய்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ வந்தார்கள். "மெதுவாப் பேசுங்க. ரெண்டு பேரும் தூங்குறாங்க" என்றாள் மாமியார்.

தையல்காரி தூங்கவில்லை. இன்னும் ஓர் ஆள் வர மாட்டாரா, மாமியார் மறுபடி அதையே சொல்ல மாட்டாளா என்று, கண்ணை மூடியபடி காத்துக் கிடந்தாள்.