சோடா மூடி பிஸ்கட்

கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் ஒரு நத்தார் காலையில், எங்கள் கோயில் மண்டபத்து மேசைக்கு வந்த தட்டு ஒன்றிலிருந்த பிஸ்கட்டுகளை நான் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். அவற்றைச் செய்து கொண்டுவந்த பெண்ணிடம், உங்கள் தட்டுத்தான் முதலில் முடிந்தது என்று சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மலையகத்து மாத்தளை நகரத்தில் ஆசிரியராக இருந்தேன். எங்கள் சபைக்குச் செயலாளராகவும் இருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. நத்தாருக்கு ஒவ்வொரு வீட்டிலும் செய்த பிஸ்கட், கேக், கொக்கிஸ் எல்லாம் தட்டுத் தட்டாக மண்டபத்துக்கு வரும். ஒரே நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கிவைப்போம். எந்தத் தட்டு எந்த வீட்டினுடையது என்று சொல்வதில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் எல்லாத் தட்டிலும் கை வைக்க வேண்டும். இந்த மேசையில் வீட்டுக்காரரும் இல்லை, விருந்தாளியும் இல்லை என்று போதகர் ஆண்டுதோறும் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம்.

முனிசிப்பல் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்தும் சில குடும்பங்கள் எங்கள் கோயிலுக்கு வந்தன. தெருக் கூட்டுகிறவர்கள், கான் என்கிற சாக்கடை அள்ளுகிறவர்கள். கடைசி வாங்குகளில் உட்காருவார்கள். மண்டபத்துக்கும் கடைசியில்தான் வருவார்கள். மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. அவர்கள் தட்டுக் கொண்டுவருவதும் இல்லை. அதற்கும் விதி இல்லை.

எழுபதுகளின் முற்பகுதி அது. கோதுமை மா, சீனி எல்லாம் ரேஷன் கூப்பனுக்குத்தான். விடிவதற்கு முன்பே பாண் கடைகளில் வரிசை நின்றது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து பசியோடு இறங்கி வந்தவர்கள் கடை வாசல்களில் படுத்துக் கிடந்தார்கள். சில காலைகளில் அவர்களில் ஒருவர் எழும்பவில்லை. நான் அவர்களைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போனேன். எங்கள் தெருவில், வந்த பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கரண்டி சீனியாவது, ஒரு வாழைப்பழமாவது வைத்துத்தான் அனுப்புவோம். அந்த வருஷம் அதற்கும் வழியில்லாமல், பலர் தட்டு அனுப்புவதையே நிறுத்தியிருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், கோயில் தெருவைக் கூட்டுகிற பெண் என்னை வழியில் நிறுத்தினாள். என் வயதுதான் இருக்கும். ஈர்க்கு விளக்குமாற்றை மதிலில் சாய்த்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றாள்.

"மாஸ்டர் ஐயா, ஒண்ணு கேக்கணுங்க. இந்த நத்தாருக்கு நாங்களும் மேசையில ஒரு தட்டு வைக்கலாங்களா?"

"மாவுக்கு எங்க போவீங்க?"

"கூப்பன் மாவுல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வச்சிருக்கேன். குரக்கன் மாவும் கலந்துக்குவேன். எல்லா வருஷமும் நீங்கதான் குடுக்குறீங்க, நாங்க திங்கிறோம். ஒரு வருஷம் நாங்க குடுத்து நீங்க திங்கணும்."

"தாராளமா வைங்க" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

வீடுகளில் அப்போது பாண் சுடுகிற போறணை அடுப்பு கிடையாது. நத்தாருக்கு முதல்நாள், மாவைப் பிசைந்து வெட்டித் தட்டில் அடுக்கி, கடைத்தெருவிலிருந்த முஸ்லிம் நானாவின் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். மத்தியானப் பாண் வெளியே வந்து, போறணையின் சூடு தணிந்ததும் அவர் எங்கள் தட்டுகளை உள்ளே தள்ளுவார். நான் எங்கள் தட்டோடு போனபோது அந்தப் பெண்ணும் அங்கே நின்றாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டித் தட்டையாக்கிய தட்டு. அதில் சின்னச் சின்ன வட்டங்கள், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக.

பேக்கரி நானா குனிந்து பார்த்தார். "என்ன புள்ள, சோடாக் கம்பெனியா தொறந்திக்கிற? எல்லாத்துலயும் மூடி அடிச்சி ஈக்கி."

"வேற அச்சு எங்கிட்ட ஏது நானா? மூடியத்தானே எல்லாரும் வீசுறாங்க. வெந்நில போட்டுக் கொதிக்க வச்சுத்தான் வெட்டினேன்."

"சரி சரி, தட்ட தா. மாஸ்டர்ட தட்டு கருகினாலும் ஒண்ட தட்டு கருகாது."

வெந்து வந்தபோது, கித்துள் கருப்பட்டியும் கறுவாப்பட்டையும் சேர்ந்த மணம் கடை முழுக்க நின்றது. குரக்கன் என்கிற கேழ்வரகு மா கலந்ததால் நிறம் கறுப்பு. ஒன்று உடைந்திருந்தது. நானா பாதியை வாயில் போட்டுக்கொண்டு, "கறுவா கொஞ்சம் கூட. நல்லாத்தான் ஈக்கி" என்று சொல்லி, மற்றப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்குக் கோயில்ல சாப்பிடுறேன்" என்றேன்.

அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். நான் மரியாதைக்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் ஆராதனைக்கு முன்பே அவள் மண்டபத்தின் பின்வாசலுக்கு வந்து தட்டை என் கையில் தந்தாள். நீலக் கரை போட்ட இனாமல் தட்டு, மேலே பூத்தையல் போட்ட கைக்குட்டை. நான் அதை மேசையின் நடுவில் வைத்தேன்.

கடைசிக் கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது, மேசையைப் பார்த்துக்கொள்ள நான் நின்ற மண்டபத்துக்குள் சபை மூப்பர் ஒருவர் வந்தார். மர ஆலை வைத்திருந்தவர். மேசையைச் சுற்றி நடந்து, கைக்குட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது லயத்துத் தட்டா?"

"ஓமுங்க."

"சோடா மூடியால வெட்டினதுன்னு பேக்கரில பேசிக்கிட்டாங்க. எந்தக் கானுல பொறுக்கின மூடியோ."

"கொதிக்க வச்சுத்தான் வெட்டினாங்களாம்."

"நான் ஒண்ணும் சொல்லல மாஸ்டர். எனக்கு வித்தியாசமில்ல. ஆனா பொம்பளைங்க பாத்தா, இந்தத் தட்டுல மட்டுமில்ல, ஒரு தட்டுலயும் கை வைக்க மாட்டாங்க. நத்தாரும் அதுவுமா, மேசை அப்படியே கிடக்கும். நீங்க படிச்சவரு. பாத்துச் செய்ங்க."

அவர் போய்விட்டார். போதகரிடம் கேட்கலாமென்றால், அவர் ஆசீர்வாதம் சொன்ன கையோடு நாலந்தா ஊர்ப் பக்கத்து ஆராதனைக்குப் புறப்பட வேண்டியவர். உண்மையில் கேட்க எனக்கு விருப்பமும் இருக்கவில்லை. கேட்டால் அவர் தட்டை வை என்று சொல்லியிருப்பார். பிறகு நான் அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பிஸ்கட்டுகளைப் பழைய பத்திரிகையில் கொட்டிச் சுருட்டி, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். தட்டைத் துடைத்தேன். துடைத்த தட்டு சந்தேகம் தரும் என்று தோன்றியது. திரும்பிப் போய், பத்திரிகையைப் பிரித்துக் கொஞ்சம் தூள் எடுத்துவந்து தட்டில் தூவினேன். கொட்டியதைவிட இந்தத் தூள்தான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. கொட்டியது பயத்தில் என்று சொல்லலாம். தூவியபோது நான் நிதானமாக இருந்தேன்.

லயத்து ஆட்கள் கடைசியில் வந்தார்கள். அவள் நேராக மேசையைப் பார்த்தாள். மற்றத் தட்டுகளில் இன்னும் மிச்சம் இருந்தது. அவளுடையது மட்டும் காலி.

"முடிஞ்சிருச்சுங்களா ஐயா?"

"உங்க தட்டுதான் முதல்ல முடிஞ்சது" என்றேன்.

அவள் கணவனை முழங்கையால் இடித்தாள். "கேட்டியா? ஒண்ணு குடு, ஒண்ணு குடுன்னு நச்சரிச்சியே. புள்ளைங்க கையக்கூடத் தட்டிவிட்டேன். நல்லவேளை."

"எனக்கு ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கலாம்" என்றான் அவன்.

"வர்ற வருஷம் தின்னு" என்றாள்.

மறுநாள் காலை மண்டபத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துவரப் போனேன். பின்பக்கத்தில் முனிசிப்பல் கைவண்டி நின்றது. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முன்னால் பத்திரிகை விரிந்திருந்தது. இரவு பெய்த மழையில் பிஸ்கட்டுகள் ஊறிக் கடதாசியோடு ஒட்டியிருந்தன. ஆனால் ஓரத்துப் பற்கள் அழியவில்லை.

அந்தத் தொட்டியை அள்ளுவது அவள்தான் என்பது, கொட்டியபோது ஒரு கணமும் எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்காக அவள் அந்தத் தெருவைக் கூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் தோன்றவில்லை. குப்பை தானாகவே போய்விடும் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கடதாசியின் நாலு மூலையையும் சேர்த்து மடித்து, மற்றக் குப்பையோடு வண்டியில் போட்டாள்.

"கூட்டி முடிச்சிட்டேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சபையில் யாரும் கேட்கவில்லை. நானும் ஒரு வருஷம் சும்மா இருந்தேன். தெருவில் அவளைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் திரும்பிவிடுவேன்.

அடுத்த நத்தார் நெருங்கியபோது அதற்கு மேல் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எங்கள் கூப்பன் மாவையும் சீனியையும் பையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தூள் தூவியதையும் சொன்னேன். மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியும், அது தெரிந்திருக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. கொட்டுறதுக்கு மொதல்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒண்ணு, எடுத்து வாயில வச்சாங்களா?"

"இல்ல."

"நீங்க? நாளைக்குக் கோயில்ல சாப்பிடுறேன்னு சொன்னீங்களே."

"நானும் இல்ல."

"அப்ப, மொத்தத்துல பேக்கரி நானா மட்டுந்தான்" என்றாள்.

இந்த வருஷம் தட்டுக் கொண்டுவாருங்கள், நானே முதல் ஆளாக எடுத்துச் சாப்பிடுகிறேன் என்றேன். பையை நீட்டினேன்.

"மாவு வேணாங்க."

"அப்போ சபைக்கு முன்னால எல்லாத்தையும் சொல்றேன்."

"சொல்லுங்க. சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும்" என்றாள். மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

ஞாயிறன்று சபைக்கு முன்னால் நின்று சொன்னேன். மூப்பர் பேசியதை மட்டும் விட்டுவிட்டேன், கை என்னுடையதுதானே. சிலர் தலை குனிந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, தாய் வெளியே கொண்டுபோனாள். வேறொன்றும் நடக்கவில்லை. வெளியே மூப்பர் என் தோளில் கை வைத்தார்.

"மாஸ்டர், மனசுல உள்ளத ஆண்டவர்கிட்டச் சொல்றது. இப்படி எல்லார் முன்னாலயும் கொட்டுறதா?"

அந்த வாரமே கமிட்டி கூடியது. இனிமேல் மேசை வேண்டாம், பேக்கரியில் செய்வித்து ஆளுக்கொரு கடதாசிப் பைக்கற்று கொடுக்கலாம் என்று முடிவானது. சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். நான் வாயைத் திறந்ததால் நடந்தது இதுதான்: அவள் தட்டு வைக்க ஆசைப்பட்ட மேசையே இல்லாமல் போனது.

நத்தாருக்கு முதல்நாள் நானே மா பிசைந்தேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"தண்ணி கூடிப் போச்சு" என்றாள்.

"நீ ஒரு கை பாரேன்."

"நான் ஏன் பாக்கணும்? நானா கொட்டினேன்?"

சோடா மூடியைக் கொதிக்க வைத்து வெட்டினேன். பேக்கரி நானா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வருஷம் பகிடி ஒன்றும் விடவில்லை.

நத்தார் காலையில் தட்டை லயத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்லதுங்க ஐயா" என்றாள்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் கைவண்டி நின்றது. அவள் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி சீனியும் இல்லை, ஒரு பழமும் இல்லை. என் மனைவி அதைக் கவனித்துவிட்டு உள்ளே போனாள்.

"புள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள். "மொதல்லயே முடிஞ்சிருச்சு."

அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. உண்மையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவர்களுக்கு இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பும் பத்திரம் வந்து, கப்பலுக்குப் போகும் தலைமன்னார் ரயிலில் ஏறிவிட்டார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

அன்று அவள் தட்டைத் தந்துவிட்டு, எங்கள் வீட்டுக் குப்பையையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். வண்டி சற்று நேரம் வாசலில்தான் நின்றது. இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் வண்டிக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்திருக்கும். நான் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றேன்.