சட்டைப்பையில் ஐந்து கேப்சூல்

உடம்பில் சரியாகச் சேராத ஒரு மாத்திரை, ஒரு மனிதரை எப்படித் தெம்பாக நடக்க வைக்கும்?

மூன்று வாரமாக யோசிக்கிறேன்.

என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விவசாயம். போன வருடம் பாதி வரப்பிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இதயம் கொஞ்சம் பலவீனம் என்றார் டாக்டர். வழக்கமான மாத்திரைகளோடு, கூடுதல் பலத்துக்காக 'கோ கியூ டென்' என்ற ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரையையும் எழுதினார்.

மாமாவின் கவலையோ வேறு. பங்குனியில் என் மூன்று வயது மகளுக்கு முதல் மொட்டை. மாரியூர்க் கடற்கரைப் பக்கம் எங்கள் குலதெய்வம். ரோட்டிலிருந்து கோயில் வரை கால் புதையும் மணல். "பாப்பாவ என் தோள்லதான் தூக்கிட்டுப் போவேன்" என்று நேர்ந்திருக்கிறார்.

விடிந்ததும் ஒரு செம்பு நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போவார். திரும்பி வரும்வரை வேறெதுவும் தொடமாட்டார். அந்த நீராகாரத்தோடுதான் மாத்திரை. மருந்தென்றால் வெறும் வயிற்றில்தான் பிடிக்கும் என்பது கஷாயம் குடித்து வளர்ந்தவர்களின் நம்பிக்கை. படித்த நானும் யாரிடமும் கேட்கவில்லையே...

மாத்திரையை நீட்டுவது என் மகள். "தாத்தா, ஆ காட்டு!" பொக்கை வாய் திறக்கும். வரப்பிலும் இப்போது அவர் உட்காருவதில்லை.

போன மாதம் மருந்துக் கடைத் தம்பி கேட்டார்: "எதோடக்கா குடுக்குறீக?"

"நீராகாரத்தோட."

"அய்யய்யோ! இது கொழுப்போட போனாத்தான் சேரும்க்கா. வயசானவுகளுக்கு எண்ணெயில கரைச்ச கேப்சூலு இன்னும் நல்லா சேரும்ங்கறாக. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டேன். உடம்பில் சேருவது ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னாலும், கேப்சூலுக்கே மாற்றித் தந்தார் டாக்டர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொன்னார். மற்ற மாத்திரைகளை நிறுத்தவே கூடாது என்றும் சொன்னார்.

இத்தனை மாதம் வீணாக்கிவிட்டேனே என்று எனக்கு ஒரே குற்ற உணர்ச்சி. மறுநாளிலிருந்து நல்லெண்ணெய் மிதக்கும் மீன்குழம்பு. கை கழுவியதும் கேப்சூல். கடமை முடிந்தது — என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால், பையில் ஏதோ பிசுபிசுப்பு. வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஐந்து கேப்சூல்!

"என்ன மாமா இது?"

"கோவிச்சுக்காத தாயி. மத்தியானம் பாப்பா தூங்கிருது. அது குடுக்காம எனக்கு எறங்க மாட்டேங்குது."

"அதுக்காகப் பையில போட்டா உடம்புல எப்படி மாமா சேரும்?"

"நெஞ்சுக்குப் பக்கத்துலதான தாயி வச்சிருந்தேன்!"

சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் கொஞ்சம் அழுதேன்.

எது சரி? காலையில் மகள் கையால் கொடுத்தால் சந்தோஷமாக உள்ளே போகிறது, ஆனால் சேராது. மதியம் கொடுத்தால் சேரும். ஆனால் உள்ளே போவதில்லை. ராத்திரி கொடுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை என்கிறார். பிள்ளையை மதியம் எழுப்பினால் வீடே இரண்டாகிறது. நேற்றும் எழுப்பலாமா வேண்டாமா என்று தொட்டில் பக்கத்திலேயே நின்றேன். குழம்பு ஆறிவிட்டது.

ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கிறேனா, ஒரு பெரியவரின் நேர்த்திக்கடனைக் கெடுக்கிறேனா?

வீட்டில் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சமாளிப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று புது மருந்துச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. யார் கையால் என்பதற்கு நான் என்ன செய்ய? பங்குனிக்குள் சொன்னால் போதும்.