ஒன்பதாம் பக்கத்தில் செத்த மேஜர்

லிட்டில் டன்மார்ஷ் கிராமத்துத் தபால் நிலையத்தை இருபத்திரண்டு வருடங்களாகத் தனி ஆளாகக் கட்டி மேய்த்தவர் மிஸ் டார்கஸ் பென்ஃபோல்ட். துப்பறியும் நாவல் கையில் இருந்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எந்த நாவலானாலும் ஐந்தாம் அத்தியாயத்துக்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், 1933 குளிர்காலத்தில் தானே ஒன்றை எழுதிவிட்டார். கார்லண்ட் என்று ஓர் ஆணின் பெயரை வைத்து லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த கடிதங்களெல்லாம் நேராக அவர் கைக்கே வந்ததால் ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

வசந்தத்தில் புத்தகம் வெளியானது. கதை இதுதான்: பாதிரியார் வீட்டுத் தோட்ட விருந்தில், ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவர் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைக் கடித்த மாத்திரத்தில் சுருண்டு விழுந்து சாகிறார். கொன்றவர் பாதிரியாரின் மனைவி.

ஒரே வாரத்தில் ஊர் அந்தப் புத்தகத்தில் தன்னை அடையாளம் கண்டுகொண்டது. அடி விழப்போகிறது என்று மிஸ் பென்ஃபோல்ட் நடுங்கிக்கொண்டிருந்தார். பாதிரியாரின் மனைவி திருமதி லட்குரோவோ, நான்கு பிரதிகள் வாங்கித் தங்கைகளுக்கு அனுப்ப வந்து நின்றார். விஷத்தை வெண்ணெயில் கலக்கும் யோசனை யாருக்கு வரும் என்று பார்சல் கட்டும்வரை தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள், ஊரிலிருந்த ஒரே ஓய்வுபெற்ற மேஜரான ட்ரப்ஷா ஒரு கடிதத்தோடு வந்தார்.

"ஒம்பதாம் பக்கத்துலயே என்னைக் கொன்னுட்டான், மிஸ் பென்ஃபோல்ட். எரநூத்தி எழுபது பக்கப் புத்தகம். செத்தாக்கூடப் பரவால்ல, பேச ஒரு வரி குடுத்திருக்கலாம்ல?"

எழுத்தாளர் பெயருக்குப் பதிப்பகம் வழியாக மேஜர் அனுப்பிய அந்தப் புகார், நான்கு நாளில் வேறோர் உறைக்குள் மிஸ் பென்ஃபோல்டிடமே திரும்பி வந்தது. அவருக்கு மேஜரை நினைத்துப் பாவமாகிவிட்டது. கையெழுத்து தெரியாமலிருக்க, இடது கையால் கோணல்மாணலாக கார்லண்ட் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, வழக்கம்போல ஓங்கி ஒரு முத்திரையும் குத்தினார்.

மறுநாள் காலை மேஜர் அந்த உறையை அவர் முன்னால் வைத்தார்.

"ஆளு லண்டன்ல இருக்கானாம். முத்திரை மட்டும் நம்மூரு முத்திரை."

மிஸ் பென்ஃபோல்ட் உறையைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முயன்றதில் விக்கல் எடுத்தது. மேஜரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த நாவலில் கொலைகாரன் அவர்தான்.

"உங்கள தூக்குல போடுவாங்களே, மேஜர்."

"போடட்டும். கடைசிப் பக்கம் வரைக்கும் இருப்பேன்ல."

அடுத்த இலையுதிர்காலத்தில் அந்த நாவல் வந்த அன்று, மேஜர் மதுக்கடையில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, தன் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தின் நான்கு பக்கங்களையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். ஊரே கை தட்டியது. மூலையில் உட்கார்ந்திருந்த மிஸ் பென்ஃபோல்ட், கையிலிருந்த கோப்பையின் ஷெர்ரி மது பாவாடையில் சிந்துவதுகூடத் தெரியாமல், எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.