நான்காக அறுத்த நாவல்

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வரும் காலை ரயிலில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு நாவல் படித்தோம். இருந்தது ஒரே பிரதி. ஒருவர் முடித்து இன்னொருவருக்குத் தரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. பிளேடால் நான்கு பாகமாக அறுத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி, மாற்றி மாற்றிப் படித்தோம். எல்லோரும் முடிக்கும்வரை கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் பெட்டியின் சட்டம். ஒரு புத்தகத்தைக் கொலை செய்துவிட்டு எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்த நால்வரில் ஒருவரைத்தான் நான் கட்டிக்கொள்வதாக இருந்தது. பெங்களூர் ஈஜிபுராவில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டு, வந்துவிடுகிறாயா என்று கேட்டிருந்தார். என் அப்பாவோ சுரங்கம் மூடிய பிறகும் கம்பெனி கொடுத்த லைன் வீட்டை விட்டு அசையாத மனிதர். இருமலோடு அவரைத் தனியே விட்டு எப்படி வருவது? அப்பாவும் கிளம்பட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

நாவலிலும் ஓர் ஊர் சரிந்துகொண்டிருந்தது. ஆலை மூடுகிறார்கள், கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, காதலன் கடைசி வண்டியில் ஏறிக்கொண்டு கூப்பிடுகிறான். அவள் போகவில்லை. என் கைக்கு முதலில் வந்ததே கடைசிப் பாகம்தான். முடிவைத் தெரிந்துகொண்டு மற்ற மூன்றையும் படித்ததால், பக்கத்துக்குப் பக்கம் அவளுக்காகக் காரணம் தேடிக்கொண்டே போனேன்.

நாலு பேரும் படித்து முடித்து, பேசலாம் என்று வைத்த நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் அப்பா, பெங்களூருக்கே போய்விடலாம் என்று ஒருவழியாக இறங்கி வந்தார். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் ஈஜிபுராக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சந்தோஷத்தைப் பொத்தி வைத்திருந்தேன்.

பங்காருப்பேட்டை தாண்டியதும் பேச்சு தொடங்கியது. மற்ற இருவரும் அவளைப் பைத்தியக்காரி என்றார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அவ எதுக்குப் போவணும்? அவ்ளோ ஆசை இருந்தா அவன் இருந்திருக்கலாம் இல்ல? எல்லாரும் ஓடிட்டா அப்புறம் இன்னா ஊரு அது?"

ஒயிட்ஃபீல்டு வரை விடவில்லை. ஈஜிபுராக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கண்டோன்மெண்டில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிப் போய்விட்டார். மறுநாள் ரயிலில் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

அவர் புது வீட்டுக்கே குடிபோய்விட்டார் என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவுக்கே போனேன். அங்கே ஒரே ஒரு நாற்காலி. அதை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றார். அப்பா சம்மதித்துவிட்டதைச் சொன்னேன். ரயிலில் பேசியது வெறும் கதையைப் பற்றித்தான், அதற்கா இவ்வளவு கோபம் என்று கேலியும் செய்தேன். அவர் கோபமாக இல்லை.

"மனசுல இல்லாததுக்கா அவ்ளோ ஆத்திரப்பட்ட?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கேட்டது சரி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணப் பேச்சு அதோடு நின்றது, நாங்களும் லைன் வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

அப்பாவுக்கு இருமல் முற்றியதும், ஆஸ்பத்திரிக்காக நாங்கள் பெங்களூருக்கே குடிவர வேண்டியதாயிற்று. வீடு கிடைத்தது நீலசந்திராவில். ஈஜிபுரா அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.