ஆணி அடிக்கலாமா?

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஏற்காட்டில் இருக்கும் ஒரு பங்களாவை ராயபுரத்துக்காரர்களுக்கு விற்கிற வேலை. முழுப் பங்களாவையும் யாருக்கும் கொடுக்க மாட்டோம். ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு வாரம், அவ்வளவுதான். மீதி ஐம்பத்தொரு வாரமும் மற்றவர்களுக்கு. இப்போது இதற்கு டைம்ஷேர் என்று பெயர் வைத்து, பெரிய ஓட்டலில் உட்கார வைத்து, காபி கொடுத்து விற்கிறார்கள். அப்போது பெயரே கிடையாது. எங்கள் மேனேஜர் 'வார வீடு' என்பார். என் அண்ணன், "உனுக்கு வேற வேலையே கெடைக்கலியா?" என்பான்.

கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அதற்கு முன் மூன்று இடத்தில் வேலை பார்த்து, மூன்றும் என் வாயால் போயிற்று. துணிக்கடையில் ஓர் அம்மா ஆசையாகப் புடவையைத் தடவிக்கொண்டிருந்தபோது, "மொதல் தண்ணிக்கே சாயம் போய்டும்க்கா" என்றேன். டாக்டரிடம் வேலை பார்த்தபோது, 'டாக்டர் வெளியே போயிருக்கிறார்' என்று சொல்லச் சொன்னார்கள். நான் "உள்ள தூங்கினுகீறாரு" என்றேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: இதுவும் போனால் கன்னியாஸ்திரி மடம்தான். "உன் வாய்க்கு அங்கதான் பூட்டு போடுவாங்கோ." என்னை வைத்துக்கொண்டு அந்த மடம் என்ன பாடுபடும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

எனக்கோ அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு மாடி. ஃபேனுக்கு நேர் கீழே என் மேஜை, அதன்மேல் ஒரு டைப்ரைட்டர். காலையில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவதே ஒரு பெருமை. ஆனால் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள். வடக்கே ஹார்பர், ரயில்வே, ஃபேக்டரி என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் அவர்கள் பேச்சில் பேச ஒரு பெண் வேண்டும் என்பது மேனேஜரின் யோசனை. திருவொற்றியூரில் ஒரு கூட்டம் போட்டோம், ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. வியாசர்பாடியில் போட்டோம், அங்கேயும் அதே கதை. மூன்றாவது ராயபுரம். "ஒரே ஒரு ஃபாரம் கையெழுத்தாகட்டும், நீ பர்மனென்ட். இல்லேன்னா திங்கட்கிழமை வர வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மாம்பலத்துக்காரர். எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு கூட்டம். வந்தவர்களுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் இலவசம். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வர வேண்டும், கடைசிவரை உட்கார வேண்டும், அதுதான் நிபந்தனை. ஹார்பரில் ஞாயிறு ஏது, கப்பல் வந்தால் வேலை. பாதிப் புருஷன்மார் ஷிப்டில் இருந்தார்கள். அதற்காகக் கேரியரை விட்டுவிட முடியுமா? தம்பியை, கொழுந்தனை, எதிர்வீட்டுக்காரரை எல்லாம் ஜோடியாக்கி அழைத்து வந்துவிட்டார்கள் பெண்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வாசலில் இருந்த நோட்டில் மூன்று தடவை கையெழுத்துப் போட்டார், மூன்று பெண்களுக்குப் புருஷனாக. மூன்றாம் தடவை என்னைப் பார்த்து, "கண்டுக்காத தங்கச்சி" என்றார். நான் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாயை அடக்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன்.

ஜன்னல்களைச் சாத்தி ஸ்லைடு போட்டோம். மேனேஜர் அவருடைய தமிழில் சொல்வார், நான் மைக்கைப் பிடித்து எங்கள் தமிழில் சொல்வேன். முதல் படம் மலையும் பனியும். "மேகம் உங்க வாசலுக்கே வரும்" என்றார் மேனேஜர்.

"எண்ணூர் பக்கம் போனா இதே பொகைதான். எதுர்ல வர்ற ஆளு தெரியாது" என்றது பின்வரிசை.

இரண்டாவது படம், முன்னறையில் குளிர்காய்கிற கணப்பு. "வூட்டுக்குள்ளயே அடுப்பு" என்று நான் மொழிபெயர்த்தேன். "சட்டி எங்கம்மா குந்தும்?" என்று ஒரு கிழவி கேட்டாள். மூன்றாவது, குளியலறை. இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் வெந்நீர் வரும் என்றேன். "அது கெடக்கட்டும், பச்சத்தண்ணி எத்தினி மணிக்கு வரும்?" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். குடத்தை வரிசையில் போட்டே வயசானவர்கள், வேறு என்ன கேட்பார்கள்? மேனேஜர் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்றாங்க?" என்றார். "ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றாங்க சார்" என்று சொல்லி வைத்தேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மட்டும் கிண்டலில் சேரவில்லை. நாற்பது வயது இருக்கும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டுக் குடித்தனம் இருக்கும் வீட்டில் ஒரு குடித்தனம். பக்கத்தில் இருந்தவர் அசல் புருஷன்தான். ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர், பேசவே மாட்டார். "அந்த மின்னால் ரூமு படத்த இன்னொரு தபா போடு பாப்பா" என்றார் அக்கா. போட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டார். எனக்கு மனசுக்குள் பட்சி சொல்லிற்று, கையெழுத்து விழுந்தால் இங்கேதான் விழும் என்று.

கடைசியில் மேனேஜர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இது உங்க சொந்த வீடு. அந்த ஒரு வாரம் உங்களை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது."

அக்கா எழுந்து நின்றார். "சொந்த வூடுன்னா, செவுத்துல ஆணி அடிச்சிக்கலாமா?"

அதுவரை கலகலவென்றிருந்த ஹால் அமைதியாகிவிட்டது. மெட்ராஸில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அட்வான்ஸை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும்போதே வீட்டுக்கார அம்மா சொல்கிற முதல் சட்டம் அது. எங்கள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கியது. திருஇருதய ஆண்டவர் அரிசி டின்மேல் சுவரில் சாய்ந்து நின்றார். அரிசி எடுக்க வேண்டும் என்றால் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அவரை இறக்கி வைப்பாள், பிறகு ஏற்றி வைப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

"கண்ணாலத்துக்கு எட்த்த போட்டோ, கண்ணாடி போட்டு வெச்சிகீறேன்" என்றார் அக்கா. "இருவது வருசமா பொட்டிலயே கீது. ஆறு வூடு மாறியாச்சி. ஒரு வூட்லயும் மாட்ட வுடல."

மேனேஜர் சிரித்தார். "ஆணி எதுக்கும்மா? அங்கே நாங்களே நல்ல நல்ல படமா மாட்டி வச்சிருக்கோமே."

"அது உங்க படம்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ நம்ம ராயபுரத்துப் பொண்ணு. நீ சொல்லு. அடிக்கலாமா, கூடாதா?"

எனக்குப் பதில் நன்றாகவே தெரியும். விதிகளை டைப் அடித்ததே நான்தான். ஏழாவது விதி: சுவர், கதவு, ஜன்னல் எதிலும் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது. இங்கிலீஷில் இருந்ததால் அந்த ஹாலில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. அந்த மேஜை, ஃபேன், குடை எல்லாம் நினைவுக்கு வந்தன. வாழ்நாளில் வேண்டாத இடத்திலெல்லாம் உண்மையைக் கொட்டிய வாய், வேண்டிய இடத்தில் "அடிச்சிக்கலாம்க்கா" என்றது. அதுவும் மைக்கில்.

அக்கா கையெழுத்துப் போட்டார். புருஷனும் நிதானமாக, எழுத்தெழுத்தாகப் போட்டார். ஆகஸ்ட் கடைசி வாரத்தை எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலம் என்பதால் அதற்குத் தவணை குறைவு. மற்றவர்கள் கேரியரை வாங்கிக்கொண்டு, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, எழுதும்போது இப்போதும் இருக்கிறது. அக்கா தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு நாள் மீன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்துவிட்டு, வாங்கிய நெத்திலியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஆகஸ்ட் முடிந்தது. ஆபீஸ் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தான் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வரவே இல்லை. வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறு வருஷம், விற்காத வாரங்களை ஆபீஸ்காரர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரியவர்கள் எல்லாரும் மே மாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாகச் சேர்ந்த எனக்கு ஆகஸ்டில் மூன்றாவது வாரம் மிஞ்சியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் முன்னறைச் சுவரைப் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது! கட்டைவிரல் தடிமனில், கப்பல் பலகைக்கு அடிக்கிற ஆணி. அதில் ஒரு யானையைக்கூடக் கட்டலாம்.

வாட்ச்மேன் சேலத்துக்காரர். கேட்டதும் சொல்லிவிட்டார். "போன வருசம் ஒரு அம்மா சுத்தியலோட வந்துச்சுங்க. கம்பெனியில திட்டுவாங்கன்னு சொன்னேன். கம்பெனிப் பொண்ணே மைக்குல சொல்லுச்சு, இருநூறு பேரு கேட்டாங்கன்னுச்சு. அப்புறம் நான் என்னங்க சொல்றது? ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டேன். போறப்ப போட்டோவக் கழட்டி எடுத்துக்கிட்டு, ஆணிய விட்டுட்டுப் போயிருச்சுங்க."

ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. ஏழு நாளும் மழை. போட்ட துணி எதுவும் காயவில்லை. அம்மா கணப்பில் கருவாடு சுட்டாள். ஊர் திரும்பினோம்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், ஆபீஸ் படியில் செருப்புச் சத்தம். அக்காவேதான். நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் தலையைத் தூக்கினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"போட்டோ மாட்னேன் பாப்பா. போன வருசமும் மாட்னேன், இந்த வருசமும் மாட்னேன். எங்க வூட்டுக்காரரு ஏழு நாளும் அதுக்கு எதுர்லயே குந்திகினு டீ குட்ச்சாரு. மல பாக்க வாயான்னா, இங்கியே நல்லாத்தான கீதுன்றாரு." கொஞ்ச நேரம் சிரித்தார். சட்டென்று முகம் மாறியது. "ஆனா இந்த தபா போயி கதவத் தொறந்தா, என் ஆணில இது தொங்குது."

பைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் போட்டார். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

"ஈரத்தோட மாட்டிட்டு பூட்டாங்கோ. ஆணி துரு புட்ச்சிகீது. செவுரெல்லாம் கறை. எனக்கு மின்னால் வாரம் வந்தவ எவ? பொஸ்தகத்த எட்த்துப் பாரு."

ரெஜிஸ்டரை எடுத்தேன். பக்கங்களைத் திருப்பினேன். தேவைக்கு மேலேயே திருப்பினேன். யார் பெயரையாவது சொல்லலாம், சேலத்து வாட்ச்மேன் தலையில்கூடக் கட்டலாம். தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் எழுந்து வந்து, "ஆணியா? எந்த ஆணி?" என்று சிரித்தபடி கேட்டார்.

"இன்னா எந்த ஆணி? மைக்ல சொல்லிட்டு இப்ப எந்த ஆணின்ற?" என்றார் அக்கா. மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் சிரிக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ரெஜிஸ்டரை மூடினேன். "நான்தான்க்கா. என் துண்டுதான். மறந்து வுட்டுட்டு வந்துட்டேன்."

அக்கா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா?" என்றார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் துண்டை நாலாக மடித்து என் முன்னால் வைத்தார்.

"மாட்டு, வோணான்னு சொல்லல. ஆனா ஈரத்துணி மாட்டக் கூடாது, சொல்லிட்டேன். இன்னா மாட்டினாலும் என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு மாட்டு."

எங்கள் வீட்டுக்கார அம்மாவின் குரல், அச்சு அசல். அந்த அதட்டலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில். "சரிக்கா" என்றேன்.

படியில் பாதி தூரம் இறங்கியவர் மறுபடி ஏறி வந்து கதவருகே நின்றார். "உங்க மேனேஜராண்ட சொல்லு. என் வூட்டுச் செவுத்துக்கு வெள்ளயடிச்சி ரெண்டு வருசமாவுது. கலீஜா கீது."

அந்த வாரமே வெள்ளையடிக்கச் சொல்லி ஏற்காட்டுக்குக் கடிதம் போயிற்று. மேனேஜர் இரண்டு வரி சொன்னார், நான் டைப் அடித்தேன். முன்னறைச் சுவரில் இருக்கும் ஆணியைப் பிடுங்காமல் வெள்ளையடிக்கவும் என்ற மூன்றாவது வரியை நானே சேர்த்துக்கொண்டேன்.